ஜில்லென்று ஆயிற்றா?

நம் ஊர்களில் ஓர் இனம் உண்டு. எதையும் கெடுக்க வேண்டும் என்ற எண்ணமே அதற்குக் கிடையாது. ஆகிவிட்டதா என்று பார்க்கத்தான் பார்க்கும். தூங்கும் குழந்தையைத் தட்டி எழுப்பி, "தூங்கிட்டியா?" என்று கேட்கும். திறந்து பார்க்கிறவர் என்று இதற்குப் பெயர் வைப்போம். கடலூர் மஞ்சக்குப்பத்து உத்திராபதி இந்த இனத்தில் அசல் சரக்கு.

போன மாதம் மகள் வினோதினியின் சம்பந்தம் பேசச் சிதம்பரம் போனவர், சாப்பிட்டுவிட்டுச் சும்மா வந்திருக்கலாம். வந்தாரா? மாப்பிள்ளையின் அப்பா ராஜாமணி ஆசையோடு பரிமாறிய கத்தரிக்காய் கொத்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வெயில் காலத்துல இவ்ளோ சூடு ஆவாதுங்க சம்பந்தி. எங்க வூட்டுக்கு வாங்க, ஜில்லுன்னு ஒரு தக்காளிப் பச்சடி போடுறேன், என் கையால" என்று சொல்லிவிட்டார்.

இன்று அந்தச் சம்பந்தி வருகிறார். பச்சடி ஜில்லென்று இல்லாவிட்டால் கல்யாணம் ஒன்றும் நின்றுவிடாது. உத்திராபதியின் மானம்தான் போகும். அதற்குக் கல்யாணமே நின்றால் தேவலை என்பது அவர் கட்சி.

உள்ளதைச் சொல்ல வேண்டும், பச்சடியில் ஒரு குற்றமும் இல்லை. கெட்டியான நாட்டுத் தக்காளியாகப் பொறுக்கிப் பொடியாக நறுக்கி, வெங்காயமும் வெள்ளரிப் பிஞ்சும் பச்சை மிளகாயும் சேர்த்து, புளிக்காத தயிரில் கலந்து, கடுகு தாளித்துக் கொட்டி, எவர்சில்வர் பாத்திரத்தில் மூடிக் காலையிலேயே ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டார். அத்தோடு விட்டாரா?

கதவைத் திறந்தார். தொட்டுப் பார்த்தார். மூடினார். விரலில் பட்டது பச்சடியின் குளிரா, பாத்திரத்தின் குளிரா என்று சந்தேகம் வந்து, மறுபடி திறந்து, கரண்டி விட்டுக் கிளறி, நாக்கில் வைத்து, மேல்தட்டில் குளிர் ஜாஸ்தி என்று மேலே ஏற்றி, அதுவும் மனசுக்கு ஒப்பாமல் பக்கத்து வீட்டு ஆரோக்கியராஜைக் கூட்டிவந்து, கதவைத் திறந்து பிடித்தபடியே செய்முறை முழுவதையும் விளக்கினார். ஆரோக்கியராஜ் நல்ல மனிதர். சந்தேகங்கள் வேறு கேட்டார்.

"கதவ மூடித் தொலைங்க. அது என்னா, எழுந்து ஓடியா போவப்போவுது?" என்றாள் மனைவி தில்லையம்மாள்.

"ஜில்லுன்னு ஆவுதான்னு பாக்குறேன்."

"நீங்க பாக்குறதாலதான் ஆவல."

நியாயமான பேச்சு. அவள் சொல்வது சரிதானா என்று தெரிந்துகொள்ள, உத்திராபதி இன்னொரு தடவை திறந்து பார்த்தார்.

மத்தியானம் இலை போட்டாயிற்று. ராஜாமணி பச்சடியை வாயில் வைத்தார். உத்திராபதி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதமா இருக்குதுங்க," என்றார் ராஜாமணி. "வெதுவெதுன்னு. பல்லு கூசுறவுங்களுக்கு ரொம்ப நல்லது."

வினோதினி ரசம் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்ச் சிரித்தாள். மனிதர் நொந்துபோனார், பாவம். "ஃப்ரிட்ஜு சரியில்லைங்க சம்பந்தி. இங்க வந்து பாருங்க" என்று போய்க் கதவை அகலத் திறந்தார். இரவுக்கென்று உள்ளே வைத்திருந்த பால்பாயசத்துக்கும் அதே கதி.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன்: உத்திராபதியின் பச்சடி தயிரில் கலக்கும் முன்பே, இது எப்படித்தான் முடிகிறது என்று இந்தக் கடைசி வரிக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது யார்?