கம்பி நீட்டப் பார்த்தவர்

வீட்டில் பெரும் நெருக்கடி. பத்து வயது மகள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"பல்லுக்குக் கம்பி போட மாட்டேன்! எல்லாரும் கேலி பண்ணுவாங்க!"

தையல்காரர் மிஷினை நிறுத்தினார். அவருடைய முன்பற்கள் கூட்ட நேரத்து பஸ் பயணிகள்போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். அந்த இடுக்கில் வைத்துத்தான் நூலைக் கடித்து அறுப்பார். கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருக்கும். ஆனால் கத்தரிக்கோலை எடுக்கக் கையை நீட்ட வேண்டும், பல்லுக்கு அந்தச் சிரமமில்லை.

"பல்லு தேயுது, ஈறுல ரத்தம் வருது, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொல்லிச் சொல்லி மனைவிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். பல் டாக்டர் போர்டைப் பார்த்தாலே இவர் அடுத்த தெரு வழியாகப் போவார்.

ஆனால் மகள் அழுதால் தாங்க மாட்டார்.

"அழாதே கண்ணு! உனக்கு முன்னாடி அப்பா போட்டுக் காட்டறேன்!"

காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "நிஜமாவா?"

"நான் என்னிக்காவது வாக்கு மாறியிருக்கேனா?"

"சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

இந்த வீரத்துக்குக் காரணம் இருந்தது. கம்பி என்பது சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம். நாற்பத்தைந்து வயது ஆளுக்கு எந்த டாக்டர் போடுவார்? 'வயசாயிடுச்சு, போங்க' என்று அனுப்பிவிடுவார். மகளிடம் நல்ல பெயரும் கிடைக்கும், பல்லும் தப்பும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"தாராளமா போடலாம்."

"எனக்கு நாப்பத்தஞ்சு வயசு டாக்டர்!"

"இருக்கட்டுமே. எலும்பும் ஈறும் நல்லா இருந்தா எந்த வயசுலயும் பல்லை நகர்த்தலாம். பிள்ளைங்களுக்குத் தாடை வளர்ற நேரம், அதனால சில விஷயம் சுலபம். உங்களுக்குக் கொஞ்சம் நாள் கூட ஆகும், அவ்வளவுதான். முதல்ல ஈறைச் சுத்தம் பண்ணிடுவோம்."

"அந்த எலும்பை இன்னொரு தடவை நல்லாப் பாருங்களேன்..."

டாக்டரம்மா மாதிரிகளை எடுத்து மேசையில் பரப்பினார். பளபளக்கும் உலோகக் கம்பி. பல் நிறத்திலேயே இருக்கும் கம்பி. கண்ணாடிபோலத் தெரியும், கழற்றி மாட்டும் உறை. கழற்றலாம் என்றதும் தையல்காரர் முகம் மலர்ந்தது.

"அதையே குடுங்க!"

"சாப்பிடவும் பல் தேய்க்கவும் மட்டும்தான் கழட்டணும். மத்த நேரமெல்லாம் வாயிலயே இருக்கணும்."

"இருக்கும் டாக்டர்!"

"எங்க இருக்கும்?" மனைவி குறுக்கிட்டாள். "குடையைக் கடையில மாட்டிட்டு நனைஞ்சுக்கிட்டு வர்ற மனுஷன் டாக்டர் இவரு. கழட்ட முடியாததா ஒட்டி விட்டுடுங்க."

ஈறு தேறியதும் ஒட்டிவிட்டார்கள். கம்பி நீட்டப் பார்த்தவர் வாய் நிறையக் கம்பியோடு எழுந்தார். இனி நூலைக் கடித்தால் கம்பி பெயர்ந்துவிடும் என்று எச்சரிக்கை வேறு. ஆனாலும் அவருக்குப் பெருமைதான்.

"பாத்தியா கண்ணு? ஒண்ணுமே இல்ல. இப்ப நீ வா!"

டாக்டரம்மா விழித்தார். "பாப்பாவுக்கு எதுக்கு? போன மாசமே பாத்தாச்சே. பால் பல் இன்னும் பாக்கியிருக்கு, தாடையும் ஒழுங்கா வளருது. இப்போதைக்கு ஒண்ணும் வேண்டாம்னு அம்மாகிட்ட சொன்னேனே!"

தையல்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் சுவரில் ஒட்டியிருந்த பற்பசை விளம்பரத்தை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அன்னிக்கு அழுதது?"

"அம்மாதான் தலையணையில முகத்தை வெச்சுக்கச் சொன்னாங்க" என்றாள் மகள். "கண்ணீர் வராட்டியும் தெரியாதாம்."

"ஏம்மா, கட்டின புருஷனையே இப்படிக் கவுக்கலாமா?"

"நேரா கூப்பிட்டப்ப வந்தீங்களா? அந்தப் பல்லு பாதியாத் தேஞ்சுபோறதைப் பாக்கறப்பல்லாம் எனக்குச் சோறே இறங்காது. உங்களுக்கு என்ன தெரியும்?"

தையல்காரரின் கோபம் வந்த வழியே திரும்பிப் போனது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு, கையால் வாயை மறைக்காமல் சிரித்தார்.

"நல்லாவா இருக்கு?"

"ராஜா மாதிரி இருக்கீங்க."

ராஜா பூரித்துப்போனார். அடுத்து எப்போது வர வேண்டும் என்று டாக்டரம்மா எழுதித் தந்த சீட்டைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, கண்ணை இடுக்கினார். "இது மூணா, எட்டா?"

"எட்டு" என்றாள் மனைவி.

ராஜா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னாலிருந்து மகளின் கிசுகிசுப்பு கேட்டது.

"அம்மா, கண்ணாடி போட மாட்டேன்னு என்னிக்கு அழணும்?"