ஃபைபர் லைன் வந்துவிட்டது, புரோக்கரை வரச் சொல்லாதே

செங்கம் ரோடு,
திருவண்ணாமலை.
வியாழக்கிழமை

அன்புத் தம்பி அன்வர் பாஷாவுக்கு உன் ஆபா கைசர் ஜஹான் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு நான் சுகம். அங்கு உன் சுகமும், பிள்ளைகள் சுகமும், உன் சர்க்கரை இறங்கியதா என்பதும் அறிய ஆவல். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ இரண்டு வாக்கியம் பேசிவிடுகிறாய். காகிதத்தில் அது நடக்காது. எதிர்வீட்டு கீதாஞ்சலி தினமும் ஆரணி காலேஜுக்குப் பாடம் நடத்த வருகிறாள். நாளைக் காலை உன் கடையில் இதைக் கொடுப்பாள். கூட்டம் இருந்தாலும் முழுவதும் படி.

விஷயம் இதுதான். நீ பார்த்து வைத்திருக்கும் ஆரணி புரோக்கரை இனி வரச் சொல்லாதே. நான் வீட்டை விற்பதாக இல்லை. போன மாதம் என் மகன் ஜீஷான் பெங்களூரிலிருந்து பேசும்போது என்ன சொன்னான் என்று உனக்கே தெரியும். "அம்மி, அங்க நெட்டு ஒழுங்கா இருந்தா நானும் ரூபீனாவும் அங்கயே வந்து வேலை பார்ப்போம். இல்லைன்னா வீட்டை வித்துட்டு நீ இங்க வந்துடு." நீயும் அதுதான் நியாயம் என்றாய். இந்த ஊரில் மூன்று மாதத்துக்குள் ஃபைபர் லைன் இழுக்க யாராலும் முடியாது என்ற தைரியத்தில்தான் நீங்கள் இருவரும் அப்படிப் பேசினீர்கள். எனக்கு இருபத்திரண்டு நாள்தான் ஆனது.

முதலில் கம்பெனிக்குப் போன் செய்தேன். வேடியப்பன் என்ற லைன்மேன் வந்து கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு வீட்டுக்காக இழுக்க மாட்டாங்க டீச்சர். ஆறு வீட்டுல நாலு வீடாவது கையெழுத்து போடணும். ஃபர்ஸ்ட் ஃப்ளோர் படிக்கட்டுகிட்ட ஒரு பெட்டி வைக்கணும்" என்றார். ரெண்டாம் மாடியில் நான் ஒன்று, கீதாஞ்சலி ஒன்று. இரண்டு வீடு பூட்டிக் கிடக்கிறது. மீதி இருப்பவர்கள் தரைத்தளத்து பெல்ஜியம்காரரும் முதல் மாடி இளஞ்செழியனும்தான். பெல்ஜியம்காரர் ஆசிரமத்துக்கு வந்தவர், பௌர்ணமி வரை மௌன விரதம். உலகமே வேண்டாம் என்று வந்த மனிதரிடம் நெட்டுக்குக் கையெழுத்து கேட்பதா என்று எனக்கே கூச்சமாக இருந்தது. விண்ணப்பத்தை நீட்டி, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கால் மணி நேரம் விளக்கினேன். அவர் கண்ணை மூடி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு தன் சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினார். எத்தனை எம்பி ஸ்பீடு என்று கேட்டிருந்தார். நூறு என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

இளஞ்செழியன் அப்படி இல்லை. தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் முதலில் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பார். பெட்டி அவர் வாசலுக்குப் பக்கத்தில் வரும் என்றதும், "கரண்ட்டு போவுமா டீச்சர் அதுல?" என்றார். கரண்ட் இல்லை சார், வெளிச்சம்தான் போகும் என்றேன். "வெளிச்சம் எப்படி டீச்சர் வளைஞ்சு வளைஞ்சு போவும்?" என்றார். கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் சயின்ஸ் எடுத்தவளிடம் வந்து இப்படிக் கேட்டால் நான் என்ன செய்வேன் என்று நீயே சொல். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் பக்கவாட்டில் ஓட்டை போட்டு, தண்ணீர் நிரப்பி, படிக்கட்டுக் கதவை எல்லாம் சாத்தி இருட்டாக்கி, பின்பக்கத்திலிருந்து லேசர் பேனாவை அடித்தேன். ஓட்டையிலிருந்து விழுந்த தண்ணீரோடு சேர்ந்து சிவப்பு வெளிச்சமும் வளைந்து வந்து அவர் செருப்பின் மேல் விழுந்தது. மனிதர் அசந்துபோய்விட்டார். செருப்பு நனைந்ததைக்கூடச் சொல்லவில்லை. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டவர், ரெண்டு படி இறங்கிவிட்டு நின்று திரும்பி, "அப்போ லீக் ஆவுமா டீச்சர்?" என்றார். அதெல்லாம் ஆகாது என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பதிலை நான் இன்னும் கொஞ்சம் விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த வாரமே பெட்டி வைத்து, அதிலிருந்து வீடுகளுக்கு ஒயர் ஓட்டிவிட்டார்கள். ரோட்டுக் கம்பத்திலிருந்து பெட்டிக்கு லைன் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்கு வேடியப்பன் வருவதாகச் சொன்ன நாள் பௌர்ணமி, ரோடு முழுக்கக் கிரிவலக் கூட்டம். காலை ஒன்பது மணிக்கு, நம் வீட்டைத் தாண்டி அரைக் கிலோமீட்டரில் ஒரு லாட்ஜில் வேலை முடித்துவிட்டேன், பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்று போன் செய்தார். பத்து மணி ஆனது, பதினொன்று ஆனது, ஆளைக் காணோம். போனும் எடுக்கவில்லை. ரெண்டு மணிக்கு ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு, கழுத்தில் ஒயர் ரோலை மாலை மாதிரி மாட்டிக்கொண்டு, நெற்றி நிறைய விபூதியோடு, ஊர்ப்பக்கத்திலிருந்து நடந்து வருகிறார். என்னப்பா என்று கேட்டால், "எதிர்ல வந்தா ஏணி யார் மண்டையிலயாவது இடிக்கும், கும்பலோட கும்பலா அப்படியே போய்டுன்னு போலீஸ்காரர் திருப்பி உட்டுட்டாரு டீச்சர். மலையை முழுசா சுத்திட்டுதான் வரேன். வழியில ரெண்டு பேர் ஏணியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினாங்க, வேண்டுதல்னு நெனைச்சுக்கினு" என்றார். அரைக் கிலோமீட்டருக்குப் பதில் பதிமூன்று கிலோமீட்டர், அதுவும் ஏணியோடு. சோறு போட்டு உட்காரவைத்து, கால் வலி கம்மியான பிறகுதான் வேலையைத் தொடச் சொன்னேன்.

லைன் இழுத்து மெஷினை மாட்டினால் பச்சை விளக்கு எரிய வேண்டுமாம். எங்கள் வீட்டில் சிவப்பு எரிந்தது. கீதாஞ்சலி வீட்டிலும் சிவப்பு. வேடியப்பன் கம்பத்தில் ஏறிப் பார்த்தார், மாடியில் ஏறிப் பார்த்தார். ஒயர் மேல் ஒரு மயில் உட்கார்ந்திருந்தது. அதைச் சந்தேகப்பட்டு நான் விரட்டினேன். மயில் போனது, சிவப்பு போகவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் பெட்டிக்குக் கீழே பார்த்தோம். பெட்டியிலிருந்து மேலே வரும் ஒயர்களை நாலாக மடித்து, சணலால் இறுக்கி முடிச்சுப் போட்டு, அதன் மேல் பிளம்பர் டேப்பைச் சுற்றி, அடியில் ஒரு பிளாஸ்டிக் மக் வைத்திருந்தது. இளஞ்செழியனைக் கூப்பிட்டேன். அவர் நிதானமாக, "லீக் ஆனா என்னா பண்றதுன்னு முன்ஜாக்கிரதையா கட்டி வச்சேன்" என்றார்.

வேடியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு, "சார், ஒயரை இப்படி மடிச்சா லைட்டு உள்ள நிக்காது. மடிச்ச எடத்துல வெளிய போய்டும்" என்றார். இளஞ்செழியன் என் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல், "அப்போ லீக் ஆவுது இல்ல டீச்சர்?" என்றார். ஆகிறது சார் என்றேன். என் சர்வீஸில் எந்தப் பிள்ளைக்கும் நான் நூற்றுக்கு நூறு போட்டதில்லை. அன்று அந்த மனிதருக்குப் போடவேண்டியதாகிவிட்டது. முடிச்சை அவிழ்த்தோம். பச்சை எரிந்தது. ஸ்பீடு பார்த்தால் தொண்ணூற்றெட்டு. அதைப் படம் பிடித்து ஜீஷானுக்கு அனுப்பினேன். "சூப்பர் அம்மி, ஒண்ணாம் தேதி வர்றோம்" என்று பதில் வந்தது.

ஆகவே தம்பி, தனியாக இருக்கும் பொம்பளைக்கு இதெல்லாம் ஆகாது என்று நீயும் உன் புரோக்கரும் என் கூடத்தில் உட்கார்ந்து பேசினீர்களே, அதற்கு இதுதான் என் பதில். அன்று டீயைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கோபத்தில் போனதாக நினைத்திருப்பாய். பயத்தில்தான் போனேன். அவர் உயிரோடு இருக்கும்போது ஜன்னல் ஜன்னலாக நின்று, மலை எதில் நன்றாகத் தெரிகிறது என்று பார்த்து வாங்கிய வீடு இது. இப்போது அந்தப் பயம் இல்லை. நீங்கள் யாரும் வந்து பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. ஃபைபர் லைனில் எல்லாம் துல்லியமாகத் தெரிகிறது. தினமும் முகம் பார்த்தே பேசலாம்.

உன் மனைவிக்கு என் சலாம். பிள்ளைகளுக்கு என் துஆ. அல்லாஹ் உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளும், உனக்குக் குறுக்கே பேசாத நாக்கும் தருவானாக. வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
உன் ஆபா,
கைசர் ஜஹான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஜீஷான் வீடியோவில் கூப்பிட்டுவிட்டான். கழுத்துக்கு மேல் மட்டும் தெரிகிற மாதிரி போனைப் பிடித்துக்கொண்டு நன்றாகத்தான் பேசினேன். கீதாஞ்சலி பெட்டியைக் காட்டுகிறேன் என்று போனை வாங்கி, வீட்டைச் சுற்றிக் காட்டியபடி போனாள். முக்காலி மேல் நீட்டி வைத்திருந்த என் வலது காலும் அதில் வந்துவிட்டது. படிக்கட்டு வரைக்கும் நெட் எடுக்கிறதா என்று போனையே பார்த்துக்கொண்டு மாடிப்படி இறங்கியபோது ரெண்டு படி தவறி, செவ்வாய்க்கிழமை மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் விட்டேன். அவனுக்குக் கட்டின் மேல் டாக்டர் எழுதிய தேதி வரைக்கும் தெரிந்துவிட்டது. லிஃப்ட் இல்லாத வீட்டில் இனி நீ ஒரு நாளும் இருக்கக் கூடாது, புரோக்கருக்குச் சரி சொல்லச் சொல் மாமாவிடம் என்று கத்திவிட்டு வைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்துக்கொண்டு என்னை அழைத்துப்போக வருகிறான். நீ சனிக்கிழமையே வந்து சேர். இது கிடைத்த உடனே அவனுக்குப் போன் போட்டு, புது ஃபைபர் லைனில் முதல் ஒரு வாரம் எதுவும் சரியாகத் தெரியாது, மனுஷன் கால்கூட வெள்ளையாய், பெரிசாய்த்தான் தெரியும் என்று சொல். நீ சொன்னால் நம்புவான்.