புள்ளி வைத்தது மட்டும்தான்

"மவுஸ்ல இருந்து கைய எடுங்க!"

விஜயபாண்டி திடுக்கிட்டுத் திரும்பினான். மனைவி அனுசியா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஏலக்காய்க் கடைக் கம்ப்யூட்டரில், கட்டம் கட்டமாகப் பச்சைப் புள்ளிகள் பிறந்தும் செத்தும் ஊர்ந்துகொண்டிருந்தன.

"சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணி ஒரு மாசம் ஆகல. அதுக்குள்ள கேமா?"

அவனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. போனில் விளையாடிக்கொண்டே ஒரு லோடு பச்சைக்காயை உலர்த்தும் அறையில் கருகவிட்டவன் அவன்தான், மறுக்கவில்லை. இனி எந்தக் கேமையும் தொடுவதில்லை என்று மாமனார் முன்னால் எரியும் சூடத்தைக் கையால் அணைத்தவனும் அவனே. சத்தியம் தவறினால் கடைச்சாவி மச்சினன் ஜெகதீஷ் கைக்குப் போய்விடும். அதற்காகத் திரையில் அசைவதெல்லாம் கேமாகிவிடுமா?

"இது ஆராய்ச்சி அனுசியா. சுத்தி ரெண்டு மூணு புள்ளி இருந்தா ஒரு புள்ளி பிழைக்கும். கொறஞ்சாலும் சாகும், கூடுனாலும் சாகும். காலைல புள்ளி வச்சதோட என் சோலி முடிஞ்சுபோச்சு. அதுபாட்டுக்கு ஓடுது."

"அப்ப இப்ப எதுக்கு மவுஸு?"

"இன்னும் நாலு புள்ளி வச்சா என்ன ஆகும்னு..."

"இதத்தான் கேமுங்கிறேன்!"

"சரி தாயே, அணைச்சுத் தொலைக்கிறேன்."

"அணைச்சீங்க, நடக்கிறதே வேற! ஆதாரம் அழிஞ்சிரும். அப்பா வந்து பாக்கட்டும்."

மவுஸைப் பிடுங்கி வைத்துக்கொண்டு தேவாரம் ஊரிலிருந்த அப்பாவுக்குப் போன் போட்டாள். எதிரே காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டுத் திரையையே பார்த்தார்கள். அந்த மானக்கேடு வேறு.

மாமனார் மொக்கச்சாமி வந்துசேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. முந்தின நாள்தான் அவர் தென்னங்கன்றுகளை யானை மிதித்துவிட்டுப் போயிருந்தது. அந்தக் கோபத்தையும் சேர்த்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"முதல்ல வயரப் பிடுங்கு ஆத்தா!"

"அவசரப்படாதீங்கப்பா. காப்பி குடிங்க. நிதானமா விசாரிங்க."

அவருக்குப் புரியட்டுமே என்று விஜயபாண்டி அவருடைய ஏலத்தோட்டத்தையே உதாரணம் சொன்னான். "நம்ம ஏலச்செடி மாதிரிதான் மாமா. நெருக்கி நட்டா அழுகிரும். தனியா நின்னா காத்துல சாஞ்சிரும்."

"ஓகோ! என் தோட்டத்த வச்சே விளையாடுறீகளா மாப்ளே?"

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வதே பிழைப்பாகிவிட்டது என்று அவனுக்கு எரிச்சலாக வந்தது. கடைசியாக ஒரு பிடி கிடைத்தது.

"மாமா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கேமுன்னா ஒருத்தன் ஜெயிக்கணும், ஒருத்தன் தோக்கணும். இதுல யாரு ஜெயிச்சா? யாரு தோத்தா?"

மொக்கச்சாமி மீசையைத் தடவியபடி திரையை வெகுநேரம் பார்த்தார்.

"வாஸ்தவந்தான். ஜெயிக்கிறதுந் தோக்கிறதும் இல்லேன்னா அது என்ன வெளையாட்டு? வேலையத்த வேலை, அம்புட்டுத்தான். சத்தியத்துக்கு ஒண்ணும் பழுதில்ல. சாவிய நீங்களே வச்சுக்கங்க."

விஜயபாண்டிக்குப் போன உயிர் திரும்பிவந்தது. பெருமையாக மனைவியைப் பார்த்தான். அவளோ சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காய் பொறுக்கும் ராக்கு முறத்தைக் கீழே வைத்துவிட்டு உரக்கச் சொன்னாள்:

"ஆத்தா அனுசியா, மணி ஆறாயிருச்சு, புள்ளிக இன்னும் சாகல! பந்தயத்துல நீயே ஜெயிச்சுட்ட, நாளைக்குக் கோழிக்கொழம்பு எங்க செலவு!"