சுவரில் மாட்டிய மாமியார்

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. இடுப்பெலும்பைத் தவிர நான் முழு நலம். உன் மூட்டுவலி எப்படி என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன்.

நீ என்னைப் பார்க்க வர வேண்டாம். டாக்டருக்கு ஒரு போன் போட்டால் போதும். விஷயம் இதுதான். இந்த ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்கு மேலே சுவரில் சோப்புப்பெட்டி அளவில் ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். கேமராவும் இல்லையாம், என்னைத் தொடுவதும் இல்லை. ஆனால் புரண்டால் தெரியும், மூச்சு விட்டால் தெரியும், காலைக் கீழே வைத்தால் நர்சம்மா கையிலிருக்கும் போன் கத்தும். "பாட்டி, எங்க கிளம்பிட்டீங்க?" என்று ஓடி வருவாள். அப்படியே உன் அம்மாதான். அவங்களும் உள்ளறையில் படுத்தபடியே, அடுக்களையில் நான் சர்க்கரை டப்பாவைத் தொட்டால், "மூடியைச் சரியா மூடு" என்பார்களே! சுவரில் ஒரு மாமியாரை மாட்டிவிட்டுப் புது விஞ்ஞானம் என்கிறார்கள்.

சும்மா இருப்பேனா? அந்தக் காலத்தில் பக்கத்து வீட்டுக்காரியைத் தையல் மெஷினை மிதிக்கச் சொல்லிவிட்டு ஜன்னலுக்கு நழுவுவேன். சத்தத்தைக் கேட்டு உன் அம்மா நான் தைப்பதாக நினைப்பார்கள். அதே மாதிரி நேற்று, தரை துடைக்கிற அம்மாவை என் கட்டிலில் படுக்கச் சொல்லிவிட்டு நகர்ந்தேன். பாவம், என்ன அலுப்போ, படுத்ததும் குறட்டை. டாக்டர் போனைப் பார்த்துக்கொண்டே வந்து, "அடடா, இன்னைக்குத்தான் பாட்டி மூச்சு சீரா இருக்கு"ன்னு போர்வையை விலக்குறாரு, உள்ளே வேற ஆளு! நான் வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு ஜன்னல்ல.

நாலு நாளாகச் சாயங்காலம் நாலு மணிக்கே நான் எழுந்திருப்பதைப் பெட்டி போட்டுக் கொடுத்திருக்கிறது. "ஏன் பாட்டி?" என்றார் டாக்டர். "நாத்தனா பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரம்"னு வாய் தவறிச் சொல்லித் தொலைச்சேன். "அவங்களுக்கு என்ன வயசு?" "அறுபத்தாறு." முடிஞ்சுது கதை. புத்தி தடுமாற்றம் என்று எழுதிவிட்டார். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பாமல், முதியோர் இல்லத்தில் பூட்டு போட்ட பகுதிக்கு அனுப்பலாமாம். உன் அண்ணன் மகனும் தலையாட்டுகிறான்.

என் புத்தி எப்படி என்று உனக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் நீலப் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு, ஒரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருவாய். இங்கே எதிரே ஒரு பள்ளிக்கூடம். மணி அடித்ததும் என் கால் தானாகக் கீழே இறங்குகிறது. ஒருநாள் நீ வந்ததும் வராததுமா, "அண்ணி தெருவையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்கம்மா"ன்னு வத்தி வச்சே. ஜன்னலுக்கு ஆணி அடிச்சுட்டாங்க. அம்பத்தஞ்சு வருஷம் ஆச்சு, மறக்கலை. நான் பாத்தது தெருவை இல்லடி, உன்னை. தெரு முக்கில் அந்தக் கறுப்பு நாய் படுத்திருக்கும், நீ பயந்து நிப்பே.

இதை டாக்டரிடம் சொல். இனி ஜன்னல் பக்கமே போகமாட்டேன் என்றும் சொல். நேரில் வராதே, உன் முகத்தைப் பார்த்தால் பழசெல்லாம் கிளறும்.

உன் பேரப்பிள்ளைகளுக்கு முழு ஆசி. உனக்குப் பாதிதான்; மீதி, காரியம் முடிந்த பிறகு.

இப்படிக்கு,
உன் அண்ணி

பி.கு.: போன் வேண்டாம், போனில் நீ எதையும் மாற்றித்தான் சொல்வாய். வியாழக்கிழமை நேரிலேயே வா. நாலு மணிக்கு வா. ஜன்னலில் நிற்பேன், பெட்டி வத்தி வைத்தால் வைக்கட்டும். முக்கில் நாய் இல்லை, பார்த்துவிட்டேன்.