ஆறாம்விரலை அறிய விரும்புவோர் கவனத்திற்கு

சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி நாற்பது நிமிடம். படக்கதை என்னும் கலை தோன்றிய நாள் முதல் யாருக்காகக் காத்திருந்ததோ, அந்த வாசகர் அப்போதுதான் எங்கள் நூலகத்தின் இரண்டாம் மாடிக்கு வந்தார். படியேறி வந்தார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. அதைச் சரிசெய்யத்தான் அவரே வந்திருந்தார்.

இந்த இடத்தில் வரலாறு ஒரு நிமிடம் நிற்க வேண்டும். நின்றது. எங்கள் தலைவர் வாய் கொப்பளிக்கப் போயிருந்தார்.

தலைவர் என்றால், 'படக்கதைப் புதுவாசகர் நெறிப்படுத்தும் குழு'வின் தலைவர். தொழில் பல் டாக்டர். செயலாளர் நான். வார நாள்களில் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு. மூன்றாவதாக ஒரு கண்ணாடிக் கடைக்காரர் இருந்தார். கொள்கை வேறுபாட்டால் பிரிந்துபோய்த் தனிக் குழு கண்டார். அதில் அவர் ஒருவரே உறுப்பினர். தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறுவதாகக் கேள்வி.

ஆறாம்விரலை இன்று அறியாதவர் இல்லை. மூன்று படங்கள் வந்துவிட்டன. வலது கையில் ஆறாவது விரல். அதை நீட்டினால் ரயில் நிற்கும். ஆனால் படத்துக்கு நாற்பது வருடம் முன்பே அவர் புத்தகத்தில் ரயிலை நிறுத்திக்கொண்டிருந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு இதழ்கள். விரல் இடது கையில். படம் பார்த்துவிட்டுப் புத்தகம் தேடி வரும் அப்பாவிகள் கண்ட இடத்தில் தொடங்கிக் கெட்டுப்போகாமல் காக்கவே ஆறு வருடம் முன்பு குழு அமைந்தது.

குழுவின் சாதனையைப் பணிவோடு சொல்கிறேன். இதுவரை நாற்பத்தேழு பேர் வந்தார்கள். அனைவரையும் நெறிப்படுத்தினோம். அவர்களில் ஒருவர்கூடத் தவறான இதழைப் படித்துவிடவில்லை. எந்த இதழையும் படிக்கவில்லை என்பதால் இது எளிதாயிற்று.

இந்தச் சாதனையை மேலிடம் உணரவில்லை. பத்து நாள் முன்பு நூலகர் மேடம் ஒரு கடிதத்தோடு வந்து, ஆறாம்விரல் இதழ்கள் இருக்கும் எங்கள் பீரோ முன் நின்றார்.

"ஒரு வருஷமா ஒரு புத்தகமும் வெளிய போகாத பீரோவைக் கீழ கிடங்குக்கு அனுப்பணுமாம். அடுத்த சனிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன். ஒரே ஒரு புத்தகம், ஒரே ஒரு புது ஆள். அதுக்குமேல என்னால முடியாது."

"நாங்களே எடுத்துக்கலாமே" என்றேன்.

"உங்க ரெண்டு பேரையும் கணக்குல சேக்கக் கூடாதுன்னு பேர் போட்டே எழுதியிருக்காங்க."

கிடங்கு தரைக்கு அடியில் இருக்கிறது. போன வருடம் சட்டப் புத்தகங்கள் அங்கே போயின. இப்போது அவற்றில் காளான் முளைத்திருக்கிறது. குற்றவியலில் மட்டும் இரண்டு வகை. என் வீட்டிலும் கவலை. "பீரோ போயிடுச்சுன்னா சனிக்கிழமை நீங்க வீட்லதான் இருப்பீங்களா?" என்று மனைவி இருமுறை கேட்டுவிட்டாள்.

எனவே லிஃப்ட் மெக்கானிக்கான அந்தப் பெண் மாடிக்கு வந்தபோது நான் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். முப்பது வயதிருக்கும். இடுப்பில் கருவிப் பை. சட்டைப் பையில் புத்தம் புது நூலக அட்டை.

"சார், ஆறாம்விரல் புக்கு இங்க இருக்காமே. கீழ மேடம் அட்டையெல்லாம் போட்டுக் குடுத்து அனுப்பினாங்க."

தலைவர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். "உக்காருங்க."

"உக்கார நேரமில்ல சார். பார்ட் ஒண்ணு வரணும், வந்ததும் வேலைக்குப் போயிடுவேன். ஏதாவது ஒண்ணு குடுங்க."

'ஏதாவது ஒண்ணு'. தலைவர் அதைக் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டார்.

"என் கிளினிக்குக்கு வந்து ஏதாவது ஒரு பல்லைப் புடுங்குங்கன்னு சொல்லுவீங்களாம்மா?"

"வலிக்கிற பல்லைக் காட்டுவேன்."

"சரி. எங்க வலிக்குது?"

மெக்கானிக் யோசிக்கவே இல்லை. "மூணாவது படத்துல கடைசியா கோபுரத்துலேர்ந்து விழுறான்ல, செத்தானா இல்லையா? என் தங்கச்சி செத்துட்டான்ங்கறா. நான் இல்லைங்கறேன். மூணு நாளா ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. அடுத்த படம் வர ரெண்டு வருஷமாம். அதுவரைக்கும் ஒரே வீட்டுல எப்படி சார் இருக்குறது?"

"விழுறார்" என்று திருத்தினேன். குழுவில் ஆறாம்விரலை ஒருமையில் சொல்வதில்லை.

"சரி, விழுறார். செத்தாரா?"

"எந்தச் சாவைக் கேக்குறீங்க?" என்றார் தலைவர்.

"எத்தனை இருக்கு?"

"பதினொண்ணு. அதுல ரெண்டு கனவு."

அடுத்து நுழைவுப் படிவம். இது தேர்வு அல்ல. நாற்பது மதிப்பெண்ணுக்குக் கீழே எடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவோம், அவ்வளவுதான். முதல் கேள்வி: விரல் எந்தக் கையில்?

"வலது."

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். தப்பான பல்லைப் பிடுங்கியவர் போல இருந்தது முகம்.

"இடதும்மா."

"நாலு தடவை பாத்தேன் சார். வலது."

"படத்துல நடிகருக்கு அந்தப் பக்க முகம் நல்லா வருதுன்னு மாத்திட்டாங்க. உண்மையில இடது. எண்பத்தெட்டாம் இதழ்லேர்ந்து நூத்தி மூணு வரைக்கும் மட்டும் வலது."

"அது ஏன்?"

"அந்தப் பதினாறு இதழும் கண்ணாடி உலகத்துல நடக்குது."

"அப்படின்னு புக்குல போட்டிருக்கா?"

"போடலை. நாங்க கண்டுபிடிச்சோம்."

"வரையிறவர் கை மாத்தி வரைஞ்சுட்டாரோ என்னவோ."

நான் மெதுவாகச் சொன்னேன். "அப்படிச் சொன்னவர் இப்ப கண்ணாடிக் கடையில தனியா உக்காந்திருக்கார்."

மெக்கானிக் பன்னிரண்டு மதிப்பெண் எடுத்தார். ஆனாலும் காலத்தின் நெருக்கடி கருதி, குழு தன் வரலாற்றிலேயே முதன்முறையாக விதியைத் தளர்த்தியது. வாசிப்பு வரிசையைக் காட்டச் சம்மதித்தோம்.

வாசிப்பு வரிசை என் ஆறு வருட உழைப்பு. குடிநீர்க் குழாய் வரைபடத் தாளின் பின்பக்கத்தில் வரைந்தது. விரித்தால் பீரோவிலிருந்து சன்னல் வரை போகும். மெக்கானிக் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் ஓரமாகவே நடந்து பார்த்தார். தொழில்முறையாகப் பார்த்தார் என்றே சொல்ல வேண்டும்.

"ஒண்ணாம் நம்பர்லேர்ந்து ஆரம்பிக்க வேண்டியதுதானே?"

"எல்லாரும் செய்யுற தப்பு" என்றேன். "அவர் பொறக்குறதே நூத்தி நாப்பதுலதான்."

"அப்ப நூத்தி நாப்பதைக் குடுங்க."

"அதுல அவங்கம்மா ஏன் அழறாங்கன்னு புரியணும்னா தொண்ணூத்தாறு படிச்சிருக்கணும்."

"தொண்ணூத்தாறு?"

"அதுக்கு நூத்தி நாப்பத்தொண்ணு."

"அதுக்கு?"

"நூத்தி நாப்பது."

அவர் அம்புக்குறிகளை விரலால் தொட்டுத் தொட்டு வந்தார். சன்னல் அருகில் நின்றார். "சார், இது சுத்திச் சுத்தி ஒரே எடத்துக்கு வருது. ஆள் உள்ள ஏற வழியே காணோமே."

"அதுதாம்மா இதோட ஆழம்" என்றார் தலைவர்.

மெக்கானிக்கின் போன் அடித்தது. பார்ட் வந்துவிட்டது. "வேலையை முடிச்சிட்டு வரேன். அதுக்குள்ள ஒண்ணை எடுத்து வைங்க சார். சின்னதா இருந்தாக்கூடப் போதும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மணி மூன்று இருபது. நான் பீரோவைப் பார்த்தேன். பூட்டியிருந்தது. சாவி தலைவரின் சட்டைப் பையில், பல் பார்க்கும் கண்ணாடியோடு.

"டாக்டர், ஒண்ணைக் குடுத்துடலாமே."

"எதை?"

"ஏதாவது..." என்று தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. துக்கம் இருந்தது.

"நீங்களுமா, செயலாளர்? பாதியில படிச்சிட்டு, 'இவ்வளவுதானா'ன்னு அந்தம்மா கேட்டுட்டாங்கன்னா? அதை ஆறாம்விரல் தாங்குவார். நான் தாங்குவேனா?"

அவசரக் கூட்டம் கூடியது. ஒன்றேகால் மணி நேரம் விவாதித்தோம். புதுவாசகருக்கு முதலில் ஒரு முன்னுரை வேண்டும் என்று தலைவர் முன்மொழிந்தார். முன்னுரையைப் புரிந்துகொள்ள ஒரு அறிமுகக் குறிப்பு வேண்டும் என்று நான் வழிமொழிந்தேன். இரண்டையும் மூன்று மாதத்துக்குள் எழுதி முடிப்பதென்று முடிவாயிற்று. கூட்டம் வெற்றிகரமாக நிறைவுற்றது.

நாலே முக்காலுக்கு லிஃப்ட் மணி அடித்தது. எட்டு மாதம் கழித்துக் கேட்ட ஓசை. கதவு திறந்தது. மெக்கானிக் உள்ளிருந்து வந்தார்.

"முடிஞ்சுது. குடுங்க சார்."

"கையில கிரீஸ்" என்றார் தலைவர்.

அவர் போய்க் கழுவிவிட்டு வந்தார். நகக்கண் வரை காட்டினார். நாலு ஐம்பத்திரண்டு. நான் தீர்மானத்தைப் படித்துக் காட்டினேன். முன்னுரை, அறிமுகக் குறிப்பு, மூன்று மாதம். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பீரோக் கண்ணாடிக்கு உள்ளே தெரிந்த ஒன்றைக் கைநீட்டிக் காட்டினார்.

"அந்தச் செவப்பு அட்டை. அவர் கோபுரத்துமேல நிக்கிறாரே. அதைக் குடுங்க."

"ஐயோ, அது எரநூத்தி ஆறு. அதைப் படிச்சா செத்தாரா இல்லையான்னு தெரிஞ்சுடும்" என்று பதறினார் தலைவர்.

"தெரியத்தானே சார் கேக்குறேன்."

"அப்படித் தெரியக் கூடாதும்மா. எரநூத்தி அஞ்சு இதழ் ஏங்கிட்டு அப்புறம் தெரியணும்."

நான் தலைவரின் சட்டைப் பையைப் பார்த்தேன். சாவியின் முனை வெளியே தெரிந்தது. எட்டி எடுக்கும் தூரம்தான். இந்த இடத்தில் செயலாளர் என்ன செய்தார் என்று பிற்காலம் கேட்கும். செயலாளர் நிகழ்ச்சிக் குறிப்பில் நேரத்தை எழுதினார். நாலு ஐம்பத்தெட்டு.

ஐந்துக்கு நூலகர் மேடம் வந்தார். பின்னால் இரண்டு சுமைத் தொழிலாளர்கள்.

"பதிவேட்டை மூடிட்டேன். ஒண்ணுகூடவா போகலை? ஆளையே தேடி அனுப்பினேனே."

"தகுதியுள்ள வாசகரை உருவாக்கிட்டிருக்கோம்" என்றார் தலைவர்.

மேடம் அவரிடம் சாவிக்காகக் கைநீட்டவில்லை. பீரோவைப் பூட்டோடு தூக்கச் சொன்னார். மெக்கானிக்கைப் பார்த்து, "லிஃப்ட்டு இந்த எடையைத் தாங்குமாம்மா?" என்றார்.

"தாங்கும் மேடம். இதை எடுத்துட்டுப் போகத்தான் இன்னிக்கே முடிக்கணும்னு சொன்னீங்களா?"

"வேற எதுக்கு? முந்நூறு புத்தகத்தைப் படியில யாரு தூக்குறது?"

பீரோ தரையை உரசிக்கொண்டு போனது. வாசிப்பு வரிசையின் மேலேயே போனது. தாள் இரண்டு இடத்தில் கிழிந்தது. வட்டம் அறுந்து, முதன்முறையாக அதற்கு ஒரு தொடக்கம் உண்டாயிற்று. தலைவர் குனிந்து இரு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்தார்.

பீரோவை உள்ளே தள்ளினார்கள். மெக்கானிக்கும் ஏறினார். கதவு மூடாமல் காலால் தடுத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். கோபம் இல்லை. தெரிந்துகொள்ள விரும்பியது போலத்தான் இருந்தது.

"சார், நீங்க ரெண்டு பேரும் மொதல்ல படிச்சது எந்த நம்பர்?"

தலைவர் சுவரைப் பார்த்தார். "பஸ்ஸுல யாரோ விட்டுட்டுப் போனது. நம்பர் பாக்கலை" என்றார்.

நானும் சொன்னேன். ஆறு வருடக் குறிப்பேட்டில் எங்கும் இல்லாத விஷயம். முடிவெட்டும் கடையில் கிடந்த ஓர் இதழ். அட்டை இல்லை. முதல் எட்டுப் பக்கம் இல்லை. ஆறாம்விரல் யார், யாரைத் துரத்துகிறார், எதுவும் தெரியாது. என் முறை வந்தபோது எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவரைப் போகச் சொன்னேன். அப்படி மூன்று பேரைப் போகச் சொன்னேன்.

மெக்கானிக் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு காலை எடுக்கும் முன் கேட்டார்.

"அப்ப உங்க ரெண்டு பேரையும் மட்டும் பரீட்சை வைக்காம யாரு சார் உள்ள விட்டது?"