பாமாயில் தின்ற இறால்கள்

அலையாத்தி மரங்கள் வேரை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு காட்டில், நரி ஒன்று இறால் பண்ணை வைத்திருந்தது. நேரில் பார்த்தால் எல்லோரும் அதை முதலாளி என்பார்கள். அந்தப் பக்கம் போனதும் வேறு பெயர் சொல்வார்கள்.

மீன் எண்ணெய் விலை ஏறிய வருடம் அது. நரி தீனியில் மீன் எண்ணெயை நிறுத்திவிட்டு, சோயா எண்ணெயும் பாமாயிலும் கலந்து போட்டது. இறால்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவற்றை யார் கேட்டார்கள்? எடை குறையவில்லை, மீசையும் குறையவில்லை.

பிடிப்பதற்கு ஒரு வாரம் இருக்கையில், ஏற்றுமதிக் கம்பெனியின் பரிசோதகர் கொக்கு, கழுத்தில் அடையாள அட்டையோடு வந்து பத்து இறாலை எடுத்துப் போனது. அரைத்துப் பார்த்து, மூன்றாம் நாள் ஒரு தாளோடு திரும்பியது.

"மீன் எண்ணெயில வர்ற ஒமேகா மூணு பாதிதான் இருக்கு முதலாளி. ஒமேகா ஆறு ஏறிக் கிடக்கு."

"நல்லா கொழுகொழுன்னுதானே இருக்கு?"

"கொழுப்பு இருக்கு. எங்க ஆளுங்க கேக்கிற கொழுப்பு இல்ல. நீங்க எந்த எண்ணெயப் போடறீங்களோ அதுதான் இறால் உடம்புல நிக்கும். உங்க இறாலை வறுக்கத் தனியா எண்ணெயே வேணாம் போங்க."

"இப்ப என்ன சார் பண்றது?"

"ஒரு மாசம் மீன் எண்ணெய்த் தீனி போடுங்க, தேறிடும். தேறின அன்னிக்கே பிடிச்சிடலாம்."

இதையெல்லாம் கரையோரம் கிடந்த நெடுமீசை என்ற இறால் கேட்டுக்கொண்டிருந்தது. அடியில் இறங்கிப் போய்ச் சொன்னது:

"நாம ஃபெயிலாயிட்டோம்."

இறால்கள் வெட்கப்பட்டன. இத்தனை நாள் தின்றும் இப்படியா என்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"மக்குங்களா, ஃபெயிலானதாலதான் உயிரோட இருக்கோம். பாஸான அன்னிக்கு ஐஸ் பெட்டி. ஐப்பசி மழைக்கு இந்தக் கரை வழியும். அதுவரைக்கும் ஃபெயிலாவே இருந்துட்டா ஓடையில இறங்கிக் கடலுக்குப் போயிடலாம்."

கடல் என்றதும் இறால்கள் மீசையை நிமிர்த்தின. எதுவும் அதைப் பார்த்ததில்லை.

மறுநாள் மீன் எண்ணெய்த் தீனி விழுந்தது. வாசனை குளம் முழுக்கப் பரவியது. தடியன் என்ற இறாலுக்குத் தாங்கவில்லை.

"ஒரே ஒரு வாய், அண்ணே."

"ஒரு வாய் ஒமேகாவும் ஒமேகாதான்டா. தள்ளிப் போ."

மூன்று நாள் எந்த இறாலும் தீனியைத் தொடவில்லை. சேற்றை நக்கிக்கொண்டு கிடந்தன.

பண்ணைகளில் ஒரு வழக்கம் உண்டு. தீனியில் ஒரு பிடியை வலைத்தட்டில் வைத்து இறக்கி, இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்ப்பார்கள். தட்டு காலியாக இருந்தால் இறால் சுகமாக இருக்கிறது என்று கணக்கு. நான்காம் நாள் காலையிலும் தட்டு நிறைந்தபடியே மேலே வந்ததும் நரிக்கு வாலே தொங்கிவிட்டது. கொக்கை ஓடிப்போய் அழைத்து வந்தது.

"நோயேதான்," என்றது கொக்கு. "செத்து மிதக்கறதுக்குள்ள பிடிச்சிடுங்க."

"கம்பெனி எடுத்துக்குமா?"

"எப்படி எடுப்பாங்க? ஒமேகா இல்லையே."

"அப்ப என் கதி?"

கொக்கு அடையாள அட்டையைக் கழற்றி இறக்கைக்குள் செருகிக்கொண்டது.

"உள்ளூர்ச் சந்தைக்குக் கொண்டு போங்க. அங்க தாளெல்லாம் எவன் கேக்கறான்? ரெண்டு பச்ச மிளகா சேத்துக் குடுத்தா சந்தோஷமா வாங்கிட்டுப் போவான்."

மதியத்துக்குள் வலை விழுந்தது. வலைக்குள் நெடுமீசைமேல் தடியன் கிடந்தது.

"அண்ணே, இப்ப நாம பாஸா, ஃபெயிலா?"

நெடுமீசை வலைக்கண் வழியே, கரையில் நிறைந்தபடி இருந்த தீனித் தட்டைப் பார்த்தது.

"பசிக்குதுடா," என்றது.

நீதி: தேறியவனுக்கு ஒரு சந்தை, தேறாதவனுக்கு ஒரு சந்தை. ஆகவே நல்ல எண்ணெயில் தீனி விழுகிற அன்றைக்கு, கொள்கையைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு வயிறாரத் தின்றுவிடுங்கள்.