ரோடில்லாத ஊரில் பந்தய வண்டி

பின்சக்கரத்தைத் தலையில் சுமந்துகொண்டு வந்த முத்தன், மலையேற்றத்தில் பாதி வழியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டான்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு."

"ரோட்டுல ஓடற வண்டிய, ரோடே இல்லாத ஊருக்கு எதுக்குங்க தூக்கிட்டுப் போறோம்?"

சென்றாயனும் நின்றான். பெட்ரோல் டாங்கியைக் கைக்குழந்தைபோல இடுப்பில் வைத்திருந்தான். அவனுக்கு முன்னால் நான்கு பேர் எஞ்சினை மூங்கிலில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, காட்டுப்பன்றி அடித்துக்கொண்டு வருகிறவர்கள் மாதிரி ஜம்பமாக நடந்தார்கள்.

"இது ரகசியம்டா," என்றான்.

"இத்தன பேரு தூக்கிட்டு வாரதா ரகசியமுங்க?" என்றான் முத்தன்.

மைத்துனன் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அப்போது சென்றாயன் நியாயத்தைக் கேட்கும் நிலையில் இல்லை.

யுத்தம் வருவதற்கு நாலைந்து வருஷம் முன்பு நடந்த சங்கதி இது. சென்றாயன் கொல்லிமலையில் தேவனூர் நாட்டுக்காரன். இளவயதிலேயே மலையிறங்கிப் போய், காளப்பநாயக்கன்பட்டி அரிசி மில்லில் எஞ்சின் ஓட்டும் வேலை கற்றுக்கொண்டவன். சர்வே பண்ண வந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது தன் பழைய மோட்டார் சைக்கிளை அவனிடம் விட்டுப் போனார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்த முதல் ஆள் அவன்தான். இரண்டாவது ஆள், சேந்தமங்கலத்து பஸ் முதலாளியின் மகன் ராசப்பன்.

ராசப்பனுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததே சென்றாயன். முதலில் பின்னால் கேரியரில் உட்காரவைத்து ஊர் ஊராக அழைத்துப் போனான். பிறகு முன்னால் உட்காரவைத்து, தான் கேரியரில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனான். இருவரும் சேர்ந்து எத்தனையோ வேலியில் விழுந்திருக்கிறார்கள். பஸ் முதலாளி மகன், மில் ஆள் என்ற வித்தியாசமெல்லாம் அந்த வேலி முள்ளில் கிழிந்து போயிருந்தது.

எல்லாம் சேந்தமங்கலத்துக் காப்பிக் கடையில் கெட்டது.

துரைமாரும் ஜமீன் பிள்ளைகளும் சேர்ந்து புதுச்சத்திரத்துப் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயம் வைக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. வட்டப் பாதையில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை ஓட வேண்டும். அதிகச் சுற்று ஓடுகிற வண்டிக்கு வெள்ளிக் கோப்பை. அந்த வாரம்தான் ராசப்பன் சென்னப்பட்டணத்திலிருந்து புத்தம்புதிய வண்டி ஒன்றை இறக்கியிருந்தான். கடை நிறைய ஆட்கள் இருக்கையில் அவன் சொன்னான்:

"அண்ணா, உங்க கெழட்டு வண்டிய எடுத்துக்கிட்டு மட்டும் பந்தயத்துக்கு வந்துராதீங்க. அது பாதியில படுத்துக்கும்!"

கடையே சிரித்தது. சென்றாயன் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

"அண்ணா, நில்லுங்க, முழுசாக் கேளுங்க!" என்று ராசப்பன் பின்னாலேயே கூப்பிட்டான். சென்றாயன் காதில் சிரிப்பு மட்டும்தான் விழுந்தது.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டான். இந்தக் கிழட்டு வண்டியையே பந்தய வண்டியாக மாற்றி, ராசப்பன் கண் முன்னால் அந்தக் கோப்பையை வாங்குவது. காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு திருகாணியைத் தொட்டால் சாயங்காலத்துக்குள் சேந்தமங்கலத்துக்குச் சேதி போய்விடும். அதனால்தான் வண்டியைப் பிரித்து மலைக்குத் தூக்கினான். மில்லில் அது நெல் வரத்து இல்லாத மாதம். லீவு கேட்டதும் கிடைத்தது.

வீட்டு வாசலில் வண்டி வந்து இறங்கியதும் அவன் மனைவி பாவாயி இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள்.

"ஏனுங்க, இத எங்க ஓட்டப் போறீங்க? சாமைக் காட்டுலயா?"

"ஓட்ட மாட்டேன். கட்டப் போறேன். பந்தய வண்டின்னா எடை கொறைவா இருக்கோணும் புள்ள. வேண்டாததையெல்லாம் கழட்டிப் போடோணும்."

கழற்ற ஆரம்பித்தான். முதலில் மட்கார்டுகள் போயின. பாவாயி அவற்றில் ஒன்றை எடுத்துக் கோழிக்குத் தண்ணீர் வைத்தாள். பந்தயம் பகலில்தானே என்று விளக்கைக் கழற்றினான். பந்தயத்தில் யார் குறுக்கே வரப்போகிறார்கள் என்று ஹாரனைக் கழற்றினான். நிற்காமல் ஓடுகிற வண்டிக்கு இரண்டு பிரேக் எதற்கு என்று முன் பிரேக்கையும் கழற்றினான். சைலன்சரைக் கழற்றினால் எஞ்சின் நன்றாக மூச்சு விடும் என்று அதையும் எடுத்தான். பாவாயி அதை அடுப்பு ஊத வைத்துக்கொண்டாள்.

"நல்லாத்தானுங்க இருக்குது," என்றாள். "இன்னும் கொஞ்சம் கழட்டுனீங்கன்னா ஊட்டுக்கு வேணுங்கறதெல்லாம் சேந்துரும்."

பின் கேரியரின் திருகாணியில் ஸ்பேனரை வைத்தபோது மட்டும் சென்றாயன் கை சற்று நின்றது. கேரியரின் ஓரம் ஓரிடத்தில் நசுங்கியிருந்தது. ராசப்பனும் அவனும் முத்துக்காப்பட்டி வளைவில் வேலிக்குள் போன அன்று நசுங்கியது. அன்று முள்ளைப் பிடுங்கிக்கொண்டே இருவரும் சிரித்த சிரிப்பில், ஆடு மேய்த்த கிழவி ஒருத்தி பேய் பிடித்துவிட்டது என்று ஓடினாள். சென்றாயன் பல்லைக் கடித்துக்கொண்டு கேரியரைக் கழற்றி எறிந்தான்.

நாள் முழுக்க ஓட டாங்கி பெட்ரோல் போதாதே. மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றை ஈயத்தால் பற்றவைத்து சீட்டுக்கடியில் இன்னொரு டாங்கி செய்தான். அது ஒழுகியது. ஒழுகும் இடத்தில் சலவை சோப்பை அழுத்தித் தேய்த்தான். ஒழுக்கு நின்றது. அது பழைய எஞ்சின்காரர்களின் வழி, தப்பில்லை. காற்று மேலே படாமல் படுத்துக்கொண்டே ஓட்ட வேண்டும் என்று ஹேண்டில்பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினான். உட்கார்ந்து பார்த்தான். மூக்கு டாங்கியில் இடித்தது. முன் சக்கரம் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

"ரோடு தெரியுதுங்களா மாமா?" என்றான் முத்தன்.

"ரோடு எங்கடா போகும்? அங்கேயேதான் இருக்கும்."

இந்த நேரத்தில்தான் ராசப்பன் மலையேறி வந்தான். வாசல்படி இறங்கவே பஸ் வேண்டும் என்கிற ஆள், பட்டுச் சட்டை முதுகோடு ஒட்ட, கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றான். தூரத்திலேயே பார்த்துவிட்ட சென்றாயன், தகர டாங்கியை அணைத்துக்கொண்டு வைக்கோல்போருக்குப் பின்னால் பதுங்கினான். முத்தன் வண்டியின் மேல் வைக்கோலை அள்ளிப் போட்டான்.

"அண்ணன் இல்லீங்களா?" என்றான் ராசப்பன்.

பாவாயி வைக்கோல்போரை ஒரு பார்வை பார்த்தாள். "மொளகு பறிக்கப் போயிட்டாருங்க."

"எப்ப வருவாரு?"

"அது அவருக்கே தெரியாதுங்க."

ராசப்பன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். மோர் குடித்தான். பிறகு ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, "அண்ணங்கிட்டக் குடுத்து, ஒரு நட எறங்கி வந்து என்னப் பாக்கச் சொல்லுங்க. அவருகிட்டயே பேசோணும்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

பொட்டலத்தில் மோட்டார் ஓட்டுகிறவர்கள் போடும் கண்ணாடி இருந்தது. பாவாயிக்கு அது பிடித்திருந்தது.

"பாவம், வேர்க்க விறுவிறுக்க வந்திருக்கறாரு. ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டுத்தான் வாங்களே."

"உனக்குத் தெரியாது புள்ள. அவன் முன்னால போவானாம், நான் அவன் கெளப்பற தூசியத் தின்னுக்கிட்டே பின்னால வருவனாம். அதுக்குத்தான் கண்ணாடி! மலையேறி வந்து குத்திக்காட்டிட்டுப் போறான்!"

பாவாயி சைலன்சரை எடுத்து அடுப்பை ஊதினாள்.

மறுநாள் வண்டியை முதல்முறையாகக் கிளப்பினான். சைலன்சர் இல்லாத எஞ்சின் மலையில் போட்ட சத்தம் ஒன்று பத்தாக எதிரொலித்தது. ஆடுகள் பட்டியை முறித்துக்கொண்டு ஓடின. பலாமரத்துத் தேனீக்கள் கலைந்து ஊர்க்கவுண்டரின் வீட்டுக்குள் புகுந்தன. சாயங்காலமே, வீங்கிய முகத்தோடு ஊர்க்கவுண்டர் கூட்டம் போட்டார். இனி ஊர் எல்லைக்குள் அந்த வண்டியைக் கிளப்பக் கூடாது.

ஆகவே சென்றாயனால் வண்டியை ஓட்டிப் பார்க்க முடியவில்லை. தினமும் துடைத்தான். ஏறிப் படுத்துக்கொண்டு, வாயாலேயே சத்தம் போட்டுக்கொண்டு, வளைவுகளில் சாய்ந்து பார்த்தான். சாய்கிறபோதெல்லாம், "அண்ணா, மெதுவா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கிற மாதிரி இருந்தது. திரும்பினால் கோழிதான் நிற்கும்.

பந்தயத்துக்கு முந்தின நாள், போனபடியே மூங்கிலில் தொங்கிக்கொண்டு வண்டி மலையிறங்கியது. அடிவாரத்தில் பூட்டி, இரண்டு டாங்கிகளையும் குழாயால் இணைத்து முடித்து அங்கேயே படுத்துவிட்டு, இருட்டோடு கிளம்பலாம் என்று எழுந்தபோதுதான் விளக்கு இல்லாதது உறைத்தது. விடியும் வரை வண்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வெளிச்சம் வந்ததும் கிளம்பினான். வண்டி பறந்தது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். கிழட்டு வண்டி அம்மாதிரி ஓடும் என்று அவனே நினைக்கவில்லை. 'பாருடா ராசப்பா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

சேந்தமங்கலத்தில் அன்று சந்தை. ஹாரன் இல்லை என்றாலும் அவன் வருவது ஊருக்கே தெரிந்தது. சத்தத்தில் ஒரு ஜோடி மாடு மிரண்டு, இழுத்து வந்த கட்டை வண்டியைச் சாக்கடையில் கவிழ்த்தது. புளி மூட்டைகள் உருண்டன. ஒற்றைப் பிரேக்கை அழுத்தி, சந்தையையே தாண்டிப் போய் நின்று, சென்றாயன் ஓடி வந்தான்.

"ஏஞ்சாமி, அது என்ன வண்டியா, இடியா?" என்று தலையிலடித்துக்கொண்டார் வண்டிக்காரர்.

மூட்டைகளைத் தூக்கி, வண்டியை நிமிர்த்தி, மாடுகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் புறப்படும்போது வெயில் ஏறிவிட்டது. விட்ட நேரத்தைப் பிடிக்கத் தலையைக் குனிந்து முறுக்கினான். வழியில் ஓர் ஓடை. மட்கார்டு இல்லாத சக்கரம் தண்ணீரை வாரி அவன் முதுகிலும் தகர டாங்கியிலும் அடித்தது. சோப்பு கரைந்தது. பெட்ரோல் சொட்டுச் சொட்டாக ரோட்டில் கோலம் போட்டுக்கொண்டே வந்தது. குனிந்திருந்தவனுக்கு அதுவும் தெரியவில்லை. புதுச்சத்திரத்துக்குத் திரும்பும் பாதையும் தெரியவில்லை. வெகுநேரம் கழித்துக் கழுத்து வலித்துத் தலையை நிமிர்த்தியபோது, எதிரே நாமக்கல் கோட்டைப் பாறை நின்றது.

வண்டியைத் திருப்பினான். கொஞ்ச தூரம் போனதும், இரண்டு முறை இருமிவிட்டு வண்டி நின்றது. உச்சி வெயிலில் ஒரே நிசப்தம்.

சென்றாயன் தள்ளத் தொடங்கினான்.

முதலில் ராசப்பன் மேல் கோபம் வந்தது. பிறகு வண்டி மேல். புளியமரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகப் போகக் கோபம் முழுவதும் வேர்வையோடு வழிந்துவிட்டது. பாதியில் படுத்துக்கும் என்றுதானே சொன்னான்? படுத்துவிட்டதே. உள்ளதைச் சொன்னவன் மேல் ஒரு மாதம் கறுவிக்கொண்டு, மலையேறி வந்தவனுக்கு முகம் காட்டாமல் வைக்கோலுக்குள் பதுங்கியிருந்தோமே என்று வெட்கமாக இருந்தது. வேலியில் விழுந்த நாட்களில், எழுந்ததும் முதலில் ராசப்பன் கேட்பது வண்டியைப் பற்றி அல்ல, "அண்ணா, உங்களுக்கு அடி பட்டுருச்சுங்களா?" என்றுதான்.

பந்தயம் போனால் போகட்டும். நேரே போய் அவன் தோளில் கை போட்டு, 'நீ சொன்னதுதாண்டா சரி. கோப்பையக் காட்டு, பாக்கலாம்' என்று சொல்லிவிட வேண்டும். அவன் சிரிப்பான். கூடச் சேர்ந்து சிரித்துவிட்டால் தீர்ந்தது. அந்த நினைப்பே வண்டியை இன்னும் கொஞ்ச தூரம் தள்ளியது.

மைதானத்தை அடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜனமெல்லாம் கலைந்து போயிருந்தது. வாசலில் காவற்காரன் ஒருவன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். சேறும் எண்ணெயுமாக வந்து நின்றவனையும், எலும்புக்கூடு மாதிரி இருந்த வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எல்லாம் முடிஞ்சு போச்சுங்களே. எங்கிருந்து வாரீங்க?"

"அது கெடக்கட்டுமுங்க," என்றான் சென்றாயன். மூச்சு வாங்கியது. "சேந்தமங்கலத்து பஸ்காரரு மகன், ராசப்பன்... அவன் ஜெயிச்சானுங்களா?"

"அவரு எங்கீங்க ஓட்டுனாரு!" என்றான் காவற்காரன், கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு வண்டிக்கு ரெண்டு பேரு மாத்தி மாத்தி ஓட்டற பந்தயமுங்க இது, அவருக்குக் கூட்டாளி யாரோ சென்றாயனாம், கொல்லிமலைக்காரராம், 'எனக்கு வண்டி பழக்கிக் குடுத்த அண்ணன், எப்படியும் வந்துருவாரு'ன்னு புது வண்டியக் கிட்ட நிறுத்திக்கிட்டு, காலைல இருந்து இந்தக் கல்லுமேலயே உக்காந்திருந்துட்டு இப்பத்தானுங்க எந்திரிச்சுப் போறாரு."